செங்கொடிவேலி: விதைக்குக் காத்திருக்காமல் குச்சியை வெட்டுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது நீளமான கேள்வி. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக ஒரு தடவை சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மதுரைப் பக்கம் ஊமச்சிகுளத்தில் வீடு. பாலக்காட்டு மாமா ஒரு வைத்தியர் வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த செங்கொடிவேலி தொட்டியில் இருக்கிறது. தை மாசம் நன்றாகப் பூக்கிறது, ஆனால் ஒரு விதைகூடக் கட்டுவதில்லை, அப்புறம் எப்படிப் பெருக்குவது என்று கேட்கிறீர்கள். இலைக்கு அடியில் வெள்ளைப் பொடி படிகிறது. சித்திரை வந்தால் இலை கொட்டிச் செத்ததுபோல் நிற்கிறது. இதே பெயரைச் சொல்லி மதுரையில் ஒரு நர்சரியில் வாங்கிய இன்னொரு செடி நீலமாகப் பூத்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டு வலி, யாரோ இதன் வேரை அரைத்துப் பற்றுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மாசமாக இருக்கிறார், இந்த நேரத்தில் செடி வீட்டில் இருக்கலாமா என்று அம்மாவுக்குப் பயம்.

கடைசி இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்குகிறேன், அவைதான் அவசரம். வேரை அரைத்துப் பற்றுப் போடாதீர்கள். செங்கொடிவேலியின் பச்சை வேர் தோலைச் சுடும். தடவின இடம் முதலில் காந்தும், அப்புறம் சிவக்கும், அப்புறம் தீப்பட்டதுபோலக் கொப்புளம் கிளம்பும். வேரில் இருக்கும் பிளம்பாகின் என்ற மஞ்சள் பொருள்தான் இதற்குக் காரணம். வெள்ளைப் பூக் கொடிவேலியிலும் அது உண்டு, சிவப்பில் கூடுதல். மூட்டு வலிக்கு இந்த வேர் சேர்ந்த மருந்துகள் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இருப்பது உண்மைதான். ஆனால் அதெல்லாம் சுத்தி செய்த, அதாவது நச்சைக் குறைத்த வேர், அளவும் துணைச் சரக்கும் தெரிந்தவர் கையால் செய்தது. வேரைத் துண்டாக்கிச் சுண்ணாம்புத் தெளிநீரில் போடுவது சுத்தி முறைகளில் ஒன்று. போட்ட கொஞ்ச நேரத்திலேயே தெளிந்த தண்ணீர் சிவந்து, செம்பருத்திப் பூவைக் கசக்கின நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் இறங்குவது குறையும்வரை ஊற வைப்பார்கள். அந்த நிறம் பிளம்பாகின் சுண்ணாம்பில் காட்டும் நிறம். இவ்வளவு வேலை எதற்கு என்று யோசித்தாலே பச்சையாக அரைத்துப் பூசுவதன் ஆபத்து புரிந்துவிடும்.

அக்கா விஷயம். செடி தொட்டியில் நிற்பதாலோ பக்கத்தில் போவதாலோ இலையைத் தொடுவதாலோ ஒன்றும் ஆகாது. பூவுக்கு மணமும் கிடையாது. ஆனால் இந்த வேர் கருவைக் கலைக்கும். அந்தக் காலத்தில் அதற்காகவே இதைப் பயன்படுத்திப் பல பெண்கள் உயிரையும் விட்டிருக்கிறார்கள். அதனால் வேர் சேர்ந்த எந்தச் சூரணமும், கஷாயமும், சித்ரகாதி வடி மாதிரி கடையில் கிடைக்கிற மாத்திரையும் பிள்ளை உண்டானவர்கள் வாயில் படக்கூடாது. குழந்தை பிறந்து அது தவழ ஆரம்பித்த பிறகு தொட்டியை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். அம்மாவின் மூட்டுக்கு அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் காட்டுங்கள். அவர்களே கொடிவேலி சேர்ந்த மருந்து கொடுத்தாலும் அது அவர்கள் பொறுப்பில் வருவது, உங்கள் தொட்டியிலிருந்து பிடுங்கினது இல்லை.

சரி, இனி செடிக்கு வருவோம்.

உங்களிடம் இருப்பது அசல்தான், வர்ணனையிலிருந்து தெரிகிறது. நீலமாகப் பூத்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அழகுக் கொடிவேலி. பங்களா வேலிகளிலும் பூங்காக்களிலும் வான நீலத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான். வேலிக்கு அருமையான செடி, வேண்டாம் என்று தூக்கிப் போடாதீர்கள். மூன்றாவது ஒன்று வெண்கொடிவேலி. அழகர்மலை அடிவாரம், நாகமலைப் பக்கம், சிறுமலை ஏறுகிற வழி என்று புதர்க்காடு இருக்கிற இடமெல்லாம் தானாக முளைப்பது அது. அதன் பூவைத் தாங்கும் புல்லிவட்டத்தில் பிசுபிசுப்பான சுணை இருக்கும். காய்ந்த காய் வேட்டியிலும் ஆட்டின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். நாட்டு மருந்துக் கடையில் கொடிவேலி வேர் கேட்டால் பெரும்பாலும் இந்த வெள்ளையின் வேர்தான் கைக்கு வரும்.

சிவப்பு அப்படித் திரியாது. மலைக் காட்டில் போய்த் தேடினால் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் யாரோ எப்போதோ நட்டதன் மிச்சமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வைத்தியர் வீட்டுக் கொல்லை, கோயில் நந்தவனம், கேரளத்துத் தென்னந்தோப்பு நிழல் என்று மனிதர் கையை ஒட்டியே வாழ்கிற செடி. செடி நூல்களில் பிளம்பாகோ இண்டிகா என்றும் பிளம்பாகோ ரோசியா என்றும் இரண்டு பெயரில் வரும், இரண்டும் ஒன்றே. பூ இல்லாத நாளில் மூன்று வகைகளையும் பிரித்துச் சொல்வது பழகின கண்ணுக்கே கொஞ்சம் சிரமம். சிவப்பின் இலை மற்ற இரண்டையும்விடப் பெரிசு, தண்டும் கணுவும் செம்மை தட்டி இருக்கும். ஆனாலும் இலையை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மார்கழி, தையில் போய்ப் பூவைப் பார்த்து வாங்குவதுதான் ஏமாறாத வழி. நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கதிர், அதில் கீழிருந்து மேலாக மெல்லிய குழல், குழல் வாயில் ஐந்து இதழ், நல்ல பவளச் சிவப்பு. அதைப் பார்த்தபின் சந்தேகம் வராது.

விதை ஏன் கட்டவில்லை என்ற கேள்விக்குச் செடியின் பூவிலேயே பதில் இருக்கிறது. கொடிவேலிக் குடும்பத்தில் சில இனங்களில் பூ இரண்டு விதம். ஒரு செடியில் சூல்தண்டு நீண்டும் மகரந்தப் பை உள்ளடங்கியும் இருக்கும், இன்னொரு செடியில் அது தலைகீழ். ஒரு விதத்தின் மகரந்தம் மற்ற விதத்தில் போய்ச் சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். தன் மகரந்தமோ தன்னைப் போன்றதன் மகரந்தமோ பட்டால் பயனில்லை. வெண்கொடிவேலிக்கு இந்தத் தொல்லை கிடையாது, தன் மகரந்தத்திலேயே விதை கட்டிக்கொள்ளும். அதனால்தான் அது காடெல்லாம் பரவிக் கிடக்கிறது. சிவப்பைத் தலைமுறை தலைமுறையாகக் குச்சி ஒடித்தே பெருக்கிவந்ததால், ஒரு வட்டாரத்தில் இருக்கும் செடியெல்லாம் ஒரே தாயின் கிளையாக இருந்துவிடும். பக்கத்து வீட்டில் நாலு செடி வாங்கி வைத்தாலும் அதுவும் உங்கள் செடியேதான். தேனீ வரும், பட்டாம்பூச்சி வரும், விதை மட்டும் வராது. இணையத்தில் யாராவது செங்கொடிவேலி விதை என்று பொட்டலம் விற்றால் வாங்காதீர்கள். முளைத்தால் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் பூக்கும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. விதைக்குச் சத்தைச் செலவழிக்காததால் பூக்கதிர் நாள்கணக்கில் நிற்கும், செடியும் சீக்கிரம் ஓய்ந்துபோகாது.

அப்போது பெருக்குவது எப்படி? குச்சிதான். இதுதான் உங்கள் முக்கியமான கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேரம் முதலில். மதுரை வெயிலுக்கு இரண்டு காலம் ஒத்துவரும். ஒன்று பூ முடிந்து கவாத்து செய்கிற மாசி மாசம், வெட்டி எறிகிற கிளையே நடுகுச்சி ஆகிவிடும். இன்னொன்று ஆடிக் காற்று அடங்கின பிறகு ஆவணி, புரட்டாசி. பங்குனிக்கு மேல் நட்டால் வேர்விடும் முன்னே குச்சி காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் நட்டால் அடி அழுகும். என்னைக் கேட்டால் ஆவணிதான். வெப்பம் இறங்கியிருக்கும், காற்றில் ஈரம் ஏறியிருக்கும், நட்டது மார்கழிக்குள் கால் ஊன்றிக்கொள்ளும்.

எந்தக் கிளை? நுனியில் இருக்கும் பச்சைத் தளிர் வேண்டாம், ஈரம் பட்டவுடன் கறுத்து மடங்கிவிடும். அடியில் பழுப்பேறி மரமாகிவிட்ட கட்டையும் வேண்டாம், வேர்விட ரொம்பத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுவில், பச்சை குறைந்து பழுப்பு தொடங்கும் இடம். வளைத்தால் சட்டென்று ஒடியாமல், துவண்டும் போகாமல், லேசாக எதிர்த்து வளைய வேண்டும். அதில் மூன்று கணு வருமாறு பன்னிரண்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர் துண்டு. அடி வெட்டுக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல் வெட்டு நேராக. சாய்வும் நேரும் அழகுக்கு இல்லை. ஒரு கட்டு குச்சியை வெட்டிக் கீழே போட்டால் எது தலை எது கால் என்று தெரியாது, தலைகீழாக நட்ட குச்சி வேர் விடாது. கத்தி கூர்மையாக இருக்கட்டும், தண்டை நசுக்கும் சமையலறைக் கத்தரி வேண்டாம். வெட்டும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்டுச் சாறு வேர் அளவுக்குச் சுடாது, ஆனாலும் அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

கீழ் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் கணுவில் ஒரே ஒரு இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். முழு இலை இருந்தால் தண்ணீரை இழுத்துக் குச்சியை வாட்டிவிடும், இலையே இல்லாவிட்டால் வேர் வருவது தாமதமாகும். வேர் ஊக்கித் தூள் இருந்தால் அடியைத் தொட்டு நடலாம், வேர் கூடுதலாக வரும். இல்லை என்றாலும் கவலையில்லை. தேன் தடவு, கற்றாழைச் சோற்றில் முக்கு, இலவங்கப்பட்டைத் தூள் தூவு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சும்மா நட்டாலே வேர் பிடிக்கிற செடிக்கு அந்த அலங்காரம் எதற்கு.

மண் கலவையில்தான் நம் ஊரில் பலருக்குச் சறுக்குகிறது. ஆற்று மணல் பங்கு ஒன்று, செம்மண் ஒன்று, மக்கின தொழு உரம் ஒன்று என்பது புத்தகக் கணக்கு. வைகை மணல் இன்றைக்கு யாருக்குக் கிடைக்கிறது? எம்-சாண்ட் போடலாம், ஆனால் அப்படியே போட்டால் அதிலிருக்கும் தூசு சிமென்ட் மாதிரி இறுகி வேரை மூச்சடைக்க வைக்கும். சல்லடையில் சலித்து, வாளியில் கொட்டி, கலங்கல் போகும்வரை அலசி எடுங்கள். அதனோடு சம பங்கு தேங்காய் நார்க்கழிவு. அதையும் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும், அதில் உப்பு இருக்கும். குச்சி வேர்விடும் கட்டத்தில் உரமே வேண்டாம். தொழு உரம் நன்றாக மக்கியிருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம், சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சின்ன நாற்றுப் பையில் இரண்டு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே தெரியும்படி நட்டு, சுற்றி விரலால் அமுக்குங்கள். மேலே அடி வெட்டின தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வேப்பமர நிழல் மாதிரி வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடத்தில் வையுங்கள். காலையில் பாட்டிலின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் போதும் என்று அர்த்தம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். தினம் ஊற்றிக் கொல்வதுதான் அதிகம். வாரத்துக்கு இரண்டு தடவை மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்று விடுங்கள்.

இரண்டு வாரத்திலேயே கணுவில் சிவப்பாகத் தளிர் எட்டிப் பார்க்கும். அதை வைத்து வேர்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். குச்சி தன்னிடம் சேர்த்து வைத்த சத்தில் துளிர்ப்பது அது, பல குச்சிகள் துளிர்த்துவிட்டு அப்புறம் செத்துப் போவது இதனால்தான். நடுகுச்சியை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்க வேண்டும். பை ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஒரு மாசம் முதல் ஒன்றரை மாசம் ஆகும். பிறகு பாட்டிலை ஒரேயடியாக எடுக்காமல் முதல் நாள் மூடியை மட்டும் கழற்றி, ஒரு வாரத்தில் படிப்படியாக வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். நல்ல பருவத்தில் பத்துக் குச்சி நட்டால் பாதிக்கு மேல் தேறும்.

குச்சியை வெட்ட மனசு வராதவர்களுக்குப் பதியம் இருக்கிறது. இந்தச் செடியின் கிளை பலமில்லாதது, தானே சாய்ந்து தரையைத் தொடும். தொட்ட கணுவில் பல சமயம் யாரும் கேட்காமலே வேர் இறங்கியிருக்கும். சாயாத கிளையை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பக்கத் தோலை லேசாகச் சுரண்டி, இரண்டு அங்குலம் மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மாசத்தில் வேர் வந்ததும் தாய்ப் பக்கம் வெட்டிவிட்டு, அதே இடத்தில் இரண்டு வாரம் இருக்கவிட்டுப் பிறகு பெயர்த்து நடுங்கள். ஒரே ஒரு செடி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பத்திரமான வழி. தூரைப் பிரித்து நடுவதும் நடக்கும்தான். ஆனால் வேர் உடையும், சாறு கையில் படும், உடைந்த இடத்தில் அழுகலும் பிடிக்கலாம். தொட்டி மாற்றும்போது தானாகப் பிரிந்து வந்தால் மட்டும் செய்யுங்கள்.

இனி சித்திரை வெயில். நம் ஊர் ஏப்ரல், மே மாசத்தில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, மர நிழலும் ஈரக் காற்றும் பழகின இந்தச் செடி இலையைக் கொட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுபவர்கள் நிறைய. நகத்தால் தண்டின் தோலைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மாசியில் பூ ஓய்ந்ததும் அரை அடி, முக்கால் அடி விட்டு மேலே வெட்டிவிடுவது என் வழக்கம். வெயில் வரும்போது காப்பாற்ற வேண்டிய இலையே குறைவாக இருக்கும். தொட்டியைக் கிழக்குப் பார்த்த இடத்துக்கு மாற்றுங்கள், காலை வெயில் போதும். இடம் இல்லாவிட்டால் ஐம்பது சதவீத நிழல்வலை. சிமென்ட் தளத்தின் மேல் நேராகத் தொட்டியை வைக்காதீர்கள், தளத்தின் சூடு மண்ணை வேகவைத்துவிடும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேல்மண்ணைத் தென்னை நாரால் மூடுங்கள். மண் தொட்டியாக இருந்தால் ரொம்ப நல்லது, பன்னிரண்டு அங்குல வாய் இருக்கட்டும். கிணற்றடியிலோ மாமர நிழலிலோ தரையில் நட இடம் இருந்தால் தொட்டியே வேண்டாம்.

தரை என்றால் மண்ணைப் பார்த்து நடுங்கள். மேலூர், அழகர்கோயில் பக்கத்துச் செம்மண் இதற்குச் சொன்னபடி கேட்கும். திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் நேராக நட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அங்கே மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கும் கலந்துதான் நட வேண்டும்.

இலைக்கு அடியில் வெள்ளைப் பொடி என்றீர்களே, அதற்கு மருந்து எதுவும் அடித்துவிடவில்லையே? கொடிவேலிக் குடும்பத்துச் செடிகளின் இலையில் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. வேர் உறிஞ்சின தண்ணீரில் இருக்கும் கூடுதல் சுண்ணாம்பை அவை வெளியே தள்ளும். தண்ணீர் ஆவியாகிப் போனதும் சுண்ணாம்பு மட்டும் புள்ளி புள்ளியாகப் படிந்து நிற்கும். ஊமச்சிகுளம் போர்வெல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு இலையைத் திருப்பி எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள், கரைந்து போனால் சுண்ணாம்பு. பஞ்சு பஞ்சாகக் கணு இடுக்கில் ஒட்டிக்கொண்டு, நசுக்கினால் பிசுபிசுத்து, எறும்பும் ஏறி இறங்கினால் அது மாவுப்பூச்சி. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் அடித்தால் போதும். இலை ஓரம் கருகினால் மட்டும் தண்ணீரின் உப்பு மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போது குடத்தில் பிடித்து வைத்து ஊற்றலாம், அல்லது மாசம் ஒரு தடவை நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம்.

பூ மொக்கைப் பச்சைப் புழு ஒன்று அரிக்கும். கொஞ்சம் விட்டுக் கொடுங்கள். கட்டை விரல் நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்குக் கொடிவேலிதான் பிள்ளை வளர்க்கும் இடம், இறக்கையின் அடிப்பக்கம் வரி வரியாக இருக்கும். நாலு மொக்கு போனால் செடிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பலருக்கும் உதவும். செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி செடிமேல் வெளிச்சம் விழுகிறதா என்பது. செங்கொடிவேலி பகல் குறுகும்போது மட்டும் மொக்கு வைக்கிற ரகம். பிரான்சில் தாவர ஆய்வாளர்களான நீட்ச் தம்பதி இதன் தண்டுத் துண்டுகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, குறுகிய பகல் கிடைத்தால் அந்தத் துண்டே பூக்கிறது என்று 1967-இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு பூப்பதைப் பற்றி ஆராய்பவர்களுக்கு இது பிடித்தமான செடி ஆகிவிட்டது. மதுரையில் ஆனி மாசத்து நீளப் பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே செடி காலத்தை அளந்துகொள்கிறது. வாசல் எல்இடி விளக்கோ தெருவிளக்கோ விடிய விடிய இலைமேல் அடித்தால் அதற்கு ராத்திரி வந்ததே தெரியாது, பூவும் தள்ளிப்போகும். புரட்டாசியிலிருந்து தொட்டியை இருட்டுப் பக்கம் நகர்த்துங்கள். இன்னொன்று, பூ கிளை நுனியில்தான் வரும். ஆடியில் நுனி கிள்ளினால் கிளை கூடி பூவும் கூடும், புரட்டாசிக்கு மேல் கிள்ளினால் பூவையே கிள்ளி எறிகிறீர்கள். ஆடியில் ஒரு கை மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போதும். யூரியா போட்டால் இலைக் காடாக வளருமே தவிர வேறு பயனில்லை.

வேரை விற்றுக் காசு பார்க்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கேரளத்தில் தென்னைக்கு ஊடுபயிராக இதை வைத்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் வேரை எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே மழையும் நிழலும் இலவசம். இங்கே தண்ணீர்ச் செலவு, நிழல் செலவு, சாறு படாமல் வேர் தோண்ட ஆள்கூலி எல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம். வாங்குபவரை முன்கூட்டியே பேசி வைக்காமல் ஒரு சென்ட்கூட நடாதீர்கள். நிஜமாகவே ஆசை இருந்தால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் போய், உங்கள் மண்ணையும் தண்ணீரையும் சோதித்து வாங்கிக்கொண்டு பேசுங்கள். நாற்றாக விற்பது வேறு கதை, பூத்த தொட்டிக்கு மார்கழியில் கிராக்கி இருக்கும். விற்றால் பெயர் அட்டையில் வேர் விஷம் என்று ஒரு வரி எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

உங்கள் செடியில் இப்போது பூ ஓய்கிற சமயம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்த வாரமே கவாத்து செய்யலாம். வெட்டினதில் பத்துக் குச்சி தேறினால் எட்டை நடுங்கள், இரண்டை ஈரத்துணியில் சுற்றி வாழை மட்டையில் கட்டி, இந்தச் செடி இல்லாத யாருக்காவது அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த கோடையில் உங்களுடையது பட்டுப் போனாலும் திரும்பப் போய்க் கேட்க ஒரு வீடு இருக்கும். நட்டதற்குப் பங்குனி வெயில் வருவதற்குள் வேர் பிடிக்க வேண்டும், அதனால் பாட்டில் மூடியும் நிழலும் இந்தத் தடவை கட்டாயம். நாற்றுப் பையில் தேதியை எழுதி வையுங்கள். ஒன்றரை மாசம் கழித்தும் தூக்கினால் சுலபமாக வருகிற குச்சி இருந்தால், அதன் அடியைப் படம் எடுத்து அனுப்புங்கள். கறுத்திருக்கிறதா, வெள்ளையாகத் தடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். தடித்திருந்தால் அது இன்னும் வேர்விடப் போகிற குச்சி, திரும்ப அதே குழியில் வைத்துவிடலாம்.